மாணவர் ஊழியப் பயணங்கள்: போய் இறங்கும் ஊரையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் தங்கள் கல்லூரியின் கிறிஸ்தவ மாணவர் குழுவோடு மத்திய அமெரிக்காவின் ஏழைக் கிராமங்களுக்குச் சென்று, பத்து நாள் ஊழியம் செய்து திரும்பியதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இவையெல்லாம் சேவை என்ற பெயரில் நடக்கும் மதமாற்றச் சுற்றுலாக்கள் என்று அடுத்த வாரம் ஒரு வாசகர் எழுதிய மறுப்பையும் படித்தேன். கட்டுரை போனவர்களைப் பாராட்டியது. மறுப்பு போனவர்களைக் கண்டித்தது. அவர்கள் போய் இறங்கிய ஊரில் வாழ்கிறவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது இரண்டிலுமே இல்லை. அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

நான் 1974-ஆம் ஆண்டில் செவிலியராகப் பணியில் சேர்ந்து, பின்னர் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஆசிரியையாக இருந்து, மிஷன் மருத்துவமனைகளிலேயே என் உழைப்புக் காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவள். என் மகள்வழிப் பேத்தி டெக்சாஸ் மாநிலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் அவளும் தன் சபையின் வாலிபர் குழுவோடு ஹோண்டுராஸ் நாட்டுக்குப் போய்வந்தாள். அவள் புறப்படுவதற்கு முன் ஒரு மாதம் தினமும் அவளுக்காக ஜெபித்தேன். வழிச் செலவுக்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு சிறு தொகையும் அனுப்பினேன். எனவே இந்தப் பயணங்களை வெளியே நின்று குறை சொல்லுகிறவளாக என்னை எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவள் சென்ற கிராமம் நாட்டின் மேற்கே, லென்கா என்னும் பூர்வகுடி மக்கள் வாழும் மலைப் பகுதியில் இருக்கிறது. காப்பியும் மக்காச்சோளமும் பயிரிடும் சிறு விவசாயிகள். காப்பி பறிக்கும் பருவத்தில் குடும்பம் குடும்பமாகத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். இப்படி வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவக் குழுவை அங்கே 'பிரிகாதா' என்று சொல்வார்களாம். படையணியைக் குறிக்கும் சொல்தான் அது. பேத்தியின் பிரிகாதாவில் 22 பேர். அவர்களில் மருத்துவர்கள் 2 பேர், பல் மருத்துவர் ஒருவர், மீதியெல்லாம் கல்லூரி மாணவர்கள். ஆளுக்கு 1,850 டாலர் என்று மொத்தம் 40,700 டாலர் சேர்த்துக்கொண்டு போனார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் மருத்துவ முகாம் நடத்தினார்கள். நான்கு நாள் வீடுகளில் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டிக் கொடுத்தார்கள். மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாட்டும் வேதாகமக் கதையும் நடந்தன.

திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் காணொளியில் அழைத்து ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வந்தாள். அவற்றில் ஒரு படத்தில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி மடியில் பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆச்சி, இந்தப் பாட்டி பெட்டியைத் திறந்து காட்டினாங்க, உள்ளே முழுக்க மாத்திரை" என்றாள். அந்த ஆண்டில் மட்டும் அவ்வூருக்கு மூன்று பிரிகாதாக்கள் வந்து போயிருக்கின்றன. மூன்றிலும் அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். மூன்றிலும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெட்டியில் மூன்று வெவ்வேறு பெயர் அச்சிட்ட மூன்று புட்டிகள் இருந்தன. பேத்தி உயிரியல் படிப்பவள் என்பதால் சிறிய எழுத்தில் இருந்ததையும் படித்துப் பார்த்திருக்கிறாள். மூன்றும் அம்லோடிபின். வெவ்வேறு நிறுவனத்தின் ஒரே மருந்து. நல்லவர்கள் கொடுத்ததாயிற்றே என்று அந்த அம்மையார் தினமும் மூன்றிலும் ஒவ்வொன்றாக விழுங்கி வந்திருக்கிறார், கால்கள் வீங்கியிருந்தன, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று சொன்னாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட பதற்றத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இரத்த அழுத்தம் பத்து நாளில் வந்து போகிற நோய் அன்று. அதற்கான மாத்திரை, காய்ச்சல் மாத்திரையைப் போல நோய் தீர்ந்ததும் நிறுத்திவிடுகிற மாத்திரையும் அன்று. ஒருவருக்கு அதைத் தொடங்கிவிட்டால், மாதாமாதம் அளந்து பார்த்து, கூட்டியும் குறைத்தும், தீர்வதற்கு முன் மறுபடி வாங்கிக் கொடுத்து, அவர் மறந்தால் வீட்டுக்கே போய் விசாரித்து, ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்க ஓர் ஆள் வேண்டும். கூட இருக்க முடியாதவர் அதைத் தொடங்குவதற்கு முன், கூட இருக்கிறவரைத் தேடிக் கண்டுபிடித்து அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். நான் பயிற்சி கொடுத்த முதலாண்டு மாணவிக்கும் இது தெரியும்.

கூட இருக்கிறவர் அங்கே இல்லாமலும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில் அரசின் சிறிய சுகாதார நிலையம் ஒன்று இருக்கிறது. அதில் துணைச் செவிலியர் ஒருவர் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். அந்த மூதாட்டியின் இரத்த அழுத்தம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு இருந்தது என்று தேதி போட்டு எழுதிய நோட்டு அவரிடம் இருக்கிறது. வந்துபோன மூன்று குழுக்களில் ஒன்றுகூட அந்த நோட்டைக் கேட்கவில்லை. முகாம் நடக்கிற சேதியே முதல் நாள் காலையில்தான் அந்தச் செவிலியருக்குத் தெரிந்ததாம். தன்னிடம் வழக்கமாக வரும் நோயாளிகள் அன்று பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நிற்பதை அவர் சுகாதார நிலையத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பெண்ணை நான் கண்டதில்லை. அவர் மொழியும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தத் திண்ணையில் என்னால் என்னையே பார்க்க முடிகிறது.

ஏனென்றால் அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். 1980-களின் தொடக்கத்தில் நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனைக்கு வெளிநாட்டு மாணவர் குழு ஒன்று கப்பலில் பதினான்கு பெட்டி மருந்து அனுப்பியது. நன்றி கூறி ஆராதனை நடத்தித்தான் பெட்டிகளைத் திறந்தோம். பாதிக்கு மேல் காலாவதியானவை. மருத்துவர்களுக்கு மாதிரியாகக் கொடுத்த இரண்டு மாத்திரை அட்டைகள் பல. எங்களில் எவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட புட்டிகள் சில. வார்டு வேலை முடிந்த பின் செவிலியர்கள் நாங்கள் மூன்று இரவுகள் உட்கார்ந்து பிரித்தோம். பயன்படாததை எரிப்பதற்குக் குழி வெட்ட ஆள் கூலியும் நாங்களே கொடுத்தோம். மருந்து நன்கொடை எப்படியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996-இல் வழிகாட்டுநெறி வெளியிட்டபோது, அதன் ஒவ்வொரு வரியும் யாரோ எங்களைப் போன்றவர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றியது. பெறுகிறவர் கேட்ட மருந்தையே அனுப்ப வேண்டும். வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டாவது காலாவதிக்கு மீதமிருக்க வேண்டும். பெறும் நாட்டின் மருத்துவப் பணியாளர்களுக்குப் புரியும் மொழியில் பெயர் எழுதியிருக்க வேண்டும். அனுப்புகிற நாட்டில் தரம் போதாதென்று தள்ளப்பட்டது பெறுகிற நாட்டுக்கு நல்லதாகிவிடாது. கைப்பெட்டியில் மருந்து நிரப்பிக்கொண்டு விமானம் ஏறுகிற மாணவர் குழுக்களில் எத்தனை பேர் இதைப் படித்துவிட்டுப் போகிறார்கள் என்று அவர்களை அனுப்புகிற சபைகள் கேட்க வேண்டும்.

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. பேத்தியின் குழுவில், மருத்துவம் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாணவனைப் பல் மருத்துவர் அருகில் அழைத்து, இடுக்கியைக் கையில் கொடுத்து, ஒரு விவசாயியின் பல்லைப் பிடுங்கப் பழக்கியிருக்கிறார். அந்த மாணவன் பத்தொன்பது வயதுப் பிள்ளை. எந்த மருத்துவப் படிப்பிலும் இன்னும் சேராதவன். அவன் ஊரில் இதைச் செய்தால் சட்டம் விடாது. இந்த நாட்டில் என் மாணவிகள் ஊசி போடுவதற்கு முன் எத்தனை நாள் ஆரஞ்சுப் பழத்திலும் பஞ்சுப் பொம்மையிலும் குத்திப் பழகினார்கள், எத்தனை முறை நான் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு நோயாளியின் தோலைத் தொட விட்டேன் என்பதை நினைத்துக்கொள்கிறேன். ஏழையின் உடம்பு பிறர் பழகிக்கொள்வதற்காக வைத்த உடம்பு அன்று. அந்த விவசாயிக்கும் தன் வாயில் கை வைப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அவர் கேட்கவில்லை என்பதால் சொல்லாமல் விடலாகாது. இந்த ஒரு காரியத்தில் எனக்குச் சமாதானமே இல்லை. சேவை செய்யும் ஆர்வத்தையோ வாலிப வயதையோ காட்டி இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் என்னும் புயல் ஹோண்டுராஸைச் சின்னாபின்னமாக்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், மலைச்சரிவில் இருந்த ஊர்கள் சேற்றோடு சரிந்தன. அதன்பின் வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாக மாணவர்களும் பெரியவர்களும் வந்து வீடு கட்டினார்கள். மிச்சிகனில் அப்போது கால்வின் கல்லூரி என்று வழங்கிய, இப்போது பல்கலைக்கழகமாகிவிட்ட நிறுவனத்தின் சமூகவியல் பேராசிரியரும், தாமே கிறிஸ்தவரும், ஹோண்டுராஸிலேயே நெடுங்காலம் வாழ்பவருமான கர்ட் வெர் பீக் அவ்வீடுகளைப் பற்றி ஆராய்ந்து 2006-இல் எழுதினார். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு ஒரு வீட்டை ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டியபோது, வெளிநாட்டுக் குழு வந்து கட்டிய வீட்டுக்கு விமானக் கட்டணம் முதலியவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 30,000 டாலர் ஆயிற்று என்பது அவர் கண்ட கணக்கு. வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் வாழ்க்கையில் சொல்லத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. வந்து போனவர்களின் கொடையும் ஜெபமும் அதற்குப் பின் பெரிதாக வளர்ந்ததாகவும் அவர் காணவில்லை. என் பேத்தியின் குழு அடுப்புக் கட்டிய நான்கு நாளும் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர்தான் ஒவ்வொரு அடுப்பையும் நிமிர்த்திச் சரி செய்துகொண்டே வந்தாராம். அவருக்கு அந்த நான்கு நாளும் கூலி இல்லை, ஊழியம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுப்பு நல்ல அடுப்புத்தான். மூடிய அறையில் விறகுப் புகையைச் சுவாசித்தே நெஞ்சு கெட்ட பெண்களுக்கு நான் எத்தனையோ பேருக்குப் பணிவிடை செய்திருக்கிறேன். மிட்ச் புயலுக்குப் பிறகு ஹோண்டுராஸ் நாட்டிலேயே உருவாக்கப்பட்டு, அதற்கு உதவிய அந்நாட்டுப் பெண் ஒருவரின் பெயரால் 'ஹுஸ்தா' என்று வழங்கும் அடுப்பு அது. ஆனால் 1980-களில் அரசுத் திட்டத்தில் நம் கிராம வீடுகளிலும் புகையில்லா அடுப்புக் கட்டிக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? எங்கள் ஊரில் இரண்டே மழைக்காலத்தில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது. யாரிடம் போய்ச் சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் அந்த அடுப்பின் மேல் வறட்டியும் விறகும் அடுக்கியிருந்தோம். கட்டிக் கொடுப்பவர் ஊரைவிட்டுப் போனபின் கரி வாரிச் சுத்தம் செய்யவும் உடைந்த தகட்டை மாற்றவும் அந்த ஊரிலேயே கூலி பெற்று வேலை செய்கிற ஒரு கொத்தனார் இருந்தால்தான் அடுப்பு எரியும். 40,700 டாலரில் அவருக்கு ஒரு பங்கு போயிருந்தால் எத்தனை அடுப்புகள் எத்தனை ஆண்டுகள் எரிந்திருக்கும் என்று பேத்தியே என்னிடம் கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் எனக்கு இக்கடிதம் எழுதத் துணிவு வந்தது.

மதமாற்றச் சுற்றுலா என்று எழுதிய வாசகருக்கு மரியாதையோடு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பசித்தவனுக்குச் சோறு போட்டு அதற்கு விலையாக விசுவாசத்தைக் கேட்பது பாவம். நான் படித்த வேதாகமத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் ஹோண்டுராஸில் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கர்களும் சுவிசேஷ சபையாரும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாடு அது. என் பேத்தி போன ஊரிலும் ஒரு சிறு சபையும் அதற்கு ஒரு போதகரும் உண்டு. அங்கே நான் காணும் குறை வேறு. தங்களைப் போலவே ஞாயிறுதோறும் அப்பம் பிட்டுத் தொழுகிற சகோதரரிடம் போகிறவர்கள், அங்கே சபையே இல்லாதது போலவும், ஜெபிக்கத் தெரிந்தவர் ஒருவருமே இல்லாதது போலவும் நடந்துகொள்கிறார்கள். அந்தப் போதகரைப் பத்து நாளில் ஒரு முறைகூடப் பிரசங்கம் செய்யச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரை அழைத்து வரவும், தண்ணீர்க் குடம் ஏற்பாடு செய்யவும், வரிசையை ஒழுங்குபடுத்தவும் அவரைப் பயன்படுத்தினார்கள்.

இந்த நோவை உலகம் கேட்கும்படி முதன்முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவது நல்லது. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா வாலிப வயதில் ஒய்.எம்.சி.ஏ. செயலராக இருந்து ஊர் ஊராக மாணவர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தவர். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் தாங்களே காணிக்கை சேர்த்து வெளியே ஊழியக்காரரை அனுப்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டே, 1903-இல், இந்தியரின் ஆள், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்ற கொள்கையோடு திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அச்சங்கம் அனுப்பியவர்கள் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்குப் போனார்கள். போனவர்கள் தெலுங்கு கற்றார்கள்; அந்த மக்களோடேயே தங்கினார்கள். 1909-இல் அசரியாவும் அங்கே குடியேறினார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கலிலேயே பொறுப்பேற்றார்.

அதற்கு இடையில், 1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்த பிரதிநிதிகள் சுமார் 1,200 பேர். அவர்களில் ஆசியர் இருபது பேர்கூட இல்லை. தலைமை வகித்தவர் ஜான் மாட். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கடல் கடந்து ஊழியத்துக்கு அனுப்பிய மாணவர் தன்னார்வ இயக்கத்தின் தலைவர் அவர்தாம். இன்றைய மாணவர் பயணங்களுக்கெல்லாம் முன்னோடி என்று அந்த இயக்கத்தைச் சொல்லலாம். அந்த அவையில் 35 வயது அசரியா எழுந்து, வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசினார். ஒரே மேசையில் உட்கார வைக்காதவர்கள், வீட்டுக்கு அழைக்காதவர்கள், சம்பளம் கொடுக்கிறவர் வாங்குகிறவர் என்ற முறையிலேயே பழகுகிறவர்கள் என்று தாம் கண்டதைச் சொன்னார். ஏழைகளுக்காக உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தைச் சிறுவயதில் மனப்பாடம் செய்த எவருக்கும், அவர் எந்த வசனத்தை எடுத்து அந்த அவையின் முன் வைத்தார் என்பது உடனே விளங்கும். அவையில் பலருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. இப்போது எடின்பரோ மாநாட்டை நினைவுகூருகிறவர்கள் முதலில் எடுத்துச் சொல்வது அந்தப் பேச்சைத்தான்.

ஹோண்டுராஸ் மலையூரில் அந்தப் போதகரும் செவிலியரும் கொத்தனாரும் இதையேதான் கேட்கிறார்கள் என்று நான் எண்ணுகிறேன்.

குறுகிய பயணம் என்பதாலேயே அது வீண் என்று நான் சொல்லவில்லை. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து படித்த ஐடா ஸ்கட்டர், 1890-இல் நம் நாட்டுக்குத் திரும்பி வந்தது ஊழியத்துக்காக அன்று; நோயுற்ற தாயைக் கவனித்துக்கொண்டு சில காலம் இருந்துவிட்டுப் போய்விட வேண்டும் என்றுதான் வந்தார். திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் மனைவியருக்காக அவரை வந்து அழைத்தார்கள். ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். அவரோ மருத்துவம் படித்திராதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அப்போது இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. திரும்பிப் போய் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சியும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வேலூரில் தொடங்கினார். தாம் ஒருவரே எல்லோருக்கும் வைத்தியம் பார்த்துவிட முடியாது, இந்த நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1960-இல் கொடைக்கானலில் இறக்கும் வரை அவர் இந்த நாட்டை விட்டுப் போய்விடவில்லை. தகுதியில்லாத கையால் தொடாமல் இருந்ததும், தகுதி பெற்று வந்து தங்கியதும் இரண்டுமே அன்பு என்று என் மாணவிகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன்.

அநாதை இல்லங்களுக்குப் போகும் பயணங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எழுதாமல் விடவும் கூடாது. ஹெய்ட்டியில் 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம் ஏற்பட்ட மூன்று வாரத்துக்குள், அமெரிக்கத் திருச்சபைக் குழுவினர் பத்துப் பேர் 33 பிள்ளைகளை உரிய ஆவணமின்றி எல்லை கடத்திக் கொண்டுபோக முயன்று கைதானார்கள். பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு போனவர்கள் என்று நான் நம்பவில்லை. உதவி செய்கிறோம் என்ற உறுதியே அவர்களை யாரையும் கேட்கவிடாமல் செய்துவிட்டது. கம்போடியாவில் 2011-இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வு, ஐந்தே ஆண்டுகளில் அநாதை இல்லங்கள் எழுபத்தைந்து விழுக்காடு பெருகியதையும், அவற்றில் இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருப்பதையும் காட்டியது. அநாதைகள் பெருகியதால் இல்லங்கள் பெருகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துக் கொஞ்சிப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் பெருகியதால் பெருகின. வாரம் ஒரு புது அக்காளும் அண்ணனும் வந்து தூக்கிவைத்துக் கொஞ்சிவிட்டு அழ அழ விட்டுப் போனால் அந்தக் குழந்தையின் நெஞ்சு என்னவாகும் என்று தாயாய் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாணவர்களை அநாதை இல்லத்துக்கு அழைத்துப் போகும் எந்தப் பயணத்துக்கும் நம் சபைகள் காணிக்கை கொடுக்கக் கூடாது என்பது என் திட்டமான கருத்து.

இது அமெரிக்கச் சபைகளுக்கு மட்டும் சொல்லும் வார்த்தை அன்று. இப்போது நம் சபைகளும் கல்லூரிகளும் விடுமுறையில் மாணவர்களைத் திரட்டி வடமாநிலங்களுக்கும் நேபாளத்துக்கும் அனுப்பத் தொடங்கியிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பெற்றுக்கொண்டிருந்த நாம் கொடுக்கத் தொடங்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நேபாளத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் பிறரை மதம் மாற்றுவதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. நம் பிள்ளைகள் ஒரு வாரம் பாட்டுப் பாடித் துண்டுப் பிரதி கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுகிறவர் அந்த ஊர் மேய்ப்பர். அவரைக் கேட்காமல், அவர் வேண்டாம் என்று சொன்னாலும் கேளாமல் போகிறவர்கள் எவராயினும், 1910-இல் அசரியா யாரைப் பார்த்துப் பேசினாரோ அவர்களுடைய நாற்காலியில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பராய் வருவது எப்படி என்று ஒருவர் கேட்டால், எனக்கு நினைவுக்கு வருவது நான் பணியில் சேர்ந்த புதிதில் ஸ்காட்லாந்திலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்த ஒரு மாணவி. பதினொரு மாதம் இருந்தாள். அவள் வந்த அன்றே மேட்ரன் அம்மா அவளைப் பெண்கள் வார்டில் மலசட்டி கழுவவும் காய்ச்சல் அட்டை எழுதவும் விட்டார். ஒரு முறையேனும் முகம் சுளித்ததை நான் பார்த்ததில்லை. இரண்டாம் மாதத்தில் "எங்கே வலிக்குது அம்மா" என்று கேட்டாள். ஆறாம் மாதத்தில் ஆயாக்கள் சண்டை போட்டுக்கொண்டால் யார் பக்கம் நியாயம் என்று அவளிடம் கேட்டார்கள். அவள் எதையும் கட்டவில்லை, எந்தப் பெட்டியும் கொண்டுவரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடிதம் எழுதினாள். நடுவில் ஒரு முறை வந்தபோது, ஓய்வுபெற்றுப் போயிருந்த வார்டு ஆயாவைத் தேடி அவர் ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

என் பேத்தியும் கடைசி இரண்டு நாள் முகாமை விட்டுவிட்டு அந்தத் துணைச் செவிலியரோடு வீடு வீடாக நடந்திருக்கிறாள். அந்த மூதாட்டியின் மூன்று புட்டிகளில் இரண்டை வாங்கிவைத்துவிட்டு, எஞ்சிய ஒன்றில் எத்தனை நாளுக்கு மாத்திரை இருக்கிறது என்று செவிலியர் நோட்டில் எழுதுவதைப் பார்த்திருக்கிறாள். இப்போது ஸ்பானிய மொழி படிக்கிறாள். அடுத்த விடுமுறையில் பிரிகாதா இல்லாமல், தோழி ஒருத்தியோடு, ஆறு வாரம் அந்தச் சுகாதார நிலையத்தில் செவிலியர் சொல்கிற வேலையைச் செய்வதற்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாள். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டதற்குச் செவிலியர், இரத்த அழுத்தக் கருவிக்குப் பெரியவர்கள் கையில் சுற்றும் பட்டை கிழிந்துவிட்டது, அது ஒன்று போதும் என்று பதில் எழுதினாராம்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் கட்டுரையோடு வந்த படங்களில் போயிருந்த நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பெயரும் ஊரும் படிப்பும் போட்டிருந்தீர்கள். அவர்கள் தோளிலும் மடியிலும் இருந்த குழந்தைகளின் கீழே 'ஏழைச் சிறுவர்கள்' என்று மட்டுமே இருந்தது. அந்தக் குழந்தைகளுக்குத் தாய் தகப்பன் உண்டு. படத்தை வெளியிடலாமா என்று அவர்களை யாரேனும் கேட்டார்களா என்று தயவுசெய்து விசாரியுங்கள். இனி இத்தகைய பயணத்தைப் பற்றி எழுதும்போது, திரும்பி வந்தவர்களோடு பேசுவதைப் போலவே, அந்த ஊர்ப் போதகரிடமும் செவிலியரிடமும் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தொலைபேசியிலாவது பேசி, அவர்கள் சொல்வதையும் அவர்கள் பெயரோடு, அவர்கள் சம்மதத்தோடு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்சி ஆசிரியை,
பாளையங்கோட்டை.